பட்டறை இரைச்சல், வீட்டு இரைச்சல்: எந்தக் காப்புறுதி எதற்குப் பணம் தரும்?

கவிதா_ஜூரோங்

வணக்கம். விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் வழிகாட்டுங்கள்.

என் கணவருக்கு 47 வயது, சிங்கப்பூர் நிரந்தரவாசி. கப்பல் பட்டறையில் கிரைண்டிங் வேலை. கம்பெனி ஏற்பாட்டில் ஆண்டுதோறும் நடக்கும் செவித்திறன் சோதனையில் இந்த முறை "இரைச்சலால் ஏற்பட்ட செவிக் குறைபாடு, ஆரம்ப நிலை" என்று எழுதியிருக்கிறார்கள். இரவில் காதுக்குள் 'ஙொய்' என்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறதாம்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. ஐந்தாவது மாடி, எதிரே விரைவுச்சாலை. சாலைக்கு இந்தப் பக்கம், எங்கள் புளோக்கிலிருந்து 100 மீட்டருக்குள் புதிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளுக்கு அடித்தள வேலை நடக்கிறது. அவருக்கு ரத்த அழுத்தமும் கொஞ்சம் ஏறியிருப்பதாக மருந்தகத்தில் (கிளினிக்கில்) சொன்னார்கள். இன்னும் மாத்திரை தொடங்கவில்லை.

ஒரு காப்புறுதி முகவர் கடும் நோய்க் காப்புறுதி (பட்டியலில் உள்ள பெரிய நோய் வந்தால் மொத்தமாகப் பணம் தருவது) எடுக்கச் சொல்கிறார். "காது போனால் ஒரு லட்சம் வெள்ளி கையில்" என்கிறார். என் கேள்விகள்:

அந்தப் பணம் இந்த மாதிரிக் காதுக் கோளாறுக்கு உண்மையிலேயே கிடைக்குமா? சோதனை முடிவை விண்ணப்பத்தில் எழுதத்தான் வேண்டுமா? கம்பெனியிடம் இழப்பீடு கேட்க வழி உண்டா? வீட்டுப் பக்கத்து இரைச்சலுக்கு ஏதாவது காப்புறுதி இருக்கிறதா?

---

பட்டறைப்_பாதுகாப்பு

கம்பெனி பக்கத்தை நான் சொல்கிறேன், காப்புறுதித் திட்டத்தை வேறு யாராவது சொல்லட்டும்.

முதலில் அந்தச் சோதனைத் தாளின் நகலை வாங்குங்கள். "ஆரம்ப நிலை" என்ற முடிவு மட்டும் போதாது, வரைபடமும் எண்களும் வேண்டும். 500 ஹெர்ட்ஸிலிருந்து 8000 வரை ஒவ்வொரு அலைவரிசைக்கும் இரண்டு காதுக்கும் தனித்தனி டெசிபல் அளவு இருக்கும். இரைச்சலால் கெட்ட காது பெரும்பாலும் இப்படி இருக்கும்: 500ல் 15, 1000ல் 15, 2000ல் 20, 3000ல் 35, 4000ல் 55, 6000ல் 50, 8000ல் மறுபடி 30. நாலாயிரத்தைச் சுற்றி, சாலையில் விழுந்த குழி போல ஒரு பள்ளம். 8000ல் மேலே ஏறிவரும். வயதால் கேட்கும் திறன் குறைந்தால் கோடு இறங்கிக்கொண்டே போகும், 8000ல் ஏறாது. இந்த வித்தியாசம்தான் "வேலையால் வந்தது" என்பதற்கு முதல் சாட்சி. ஆகவே பழைய ஆண்டுகளின் தாள்களையும் சேர்த்தே கேளுங்கள், குறிப்பாக வேலையில் சேர்ந்தபோது எடுத்ததை. அது இருந்தால் "வரும்போதே காது இப்படித்தான் இருந்தது" என்று யாரும் சொல்ல முடியாது.

இன்னொன்று. சோதனைக்கு முன் குறைந்தது 16 மணி நேரம் பெரிய சத்தத்திலிருந்து விலகி இருக்க வேண்டும். ஷிஃப்ட் முடிந்த கையோடு எடுத்தால் தற்காலிக மந்தமும் கணக்கில் சேர்ந்துவிடும், பிறகு அந்த முடிவை யாரும் நம்ப மாட்டார்கள். அவருக்கு அப்படித்தான் எடுத்தார்கள் என்றால் விடுமுறை நாளுக்கு அடுத்த காலையில் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

சட்டம்: வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார (இரைச்சல்) விதிமுறைகள் 2011. எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல்தான் உச்சவரம்பு. 3 டெசிபல் கூடினால் அனுமதிக்கும் நேரம் பாதியாகும்: 88க்கு 4 மணி நேரம், 91க்கு 2 மணி, 94க்கு 1 மணி, 100க்கு 15 நிமிடம். கிரைண்டர் பக்கத்தில் 100ஐத் தொடுவது சாதாரணம். காதுப் பாதுகாப்பு இல்லாமல் கால் மணி நேரத்திலேயே அன்றைய ஒதுக்கீடு தீர்ந்துவிடும் என்று பொருள். முதலாளி முதலில் இரைச்சலை அதன் இடத்திலேயே குறைக்க வேண்டும், காது அடைப்பான் கடைசிக் காவல்தான்.

அந்தக் கடைசிக் காவலும் சரியாகப் போட்டால்தான் வேலை செய்யும். பெட்டியில் 30 டெசிபல் என்று போட்டிருக்கும் நுரை அடைப்பான், ஆள் காதில் நடைமுறையில் பாதி அளவு தடுத்தாலே பெரிது. விரலால் மெல்லிதாக உருட்டி, மறுகையால் காதை மேலே, பின்பக்கமாக இழுத்து, உள்ளே வைத்து அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பயனில்லை. போட்டுக் கழற்றிப் போட்டுக் கழற்றி வேலை செய்வது இன்னும் மோசம். நேரத்தில் பத்தில் ஒரு பங்கு கழற்றியிருந்தாலே, எவ்வளவு நல்ல அடைப்பானானாலும் மொத்தப் பாதுகாப்பு 10 டெசிபலைத் தாண்டாது. கணக்கு அப்படி.

இழப்பீடு: வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் 2019. உடலுழைப்புத் தொழிலாளி என்றால் சம்பளம் எவ்வளவானாலும் முதலாளி காப்புறுதி எடுத்தே ஆக வேண்டும், சந்தாவைச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. யார் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை. நோய் வேலையால் வந்ததா என்பதே கேள்வி. ஆனால் ஆரம்ப நிலைக்குப் பணம் கிடைப்பது கடினம். இழப்பீட்டுக்குப் பார்ப்பது 1000, 2000, 3000 ஹெர்ட்ஸ் மூன்றின் சராசரி, இரண்டு காதிலும் 50 டெசிபல் அளவுக்குப் போயிருக்கிறதா என்று. மேலே காட்டிய உதாரணத்தில் அந்தச் சராசரி 23தான். 4000ல் உள்ள பள்ளம் அந்தக் கணக்கில் வராது.

மருத்துவர் நிரந்தரக் குறைபாட்டைச் சதவீதத்தில் மதிப்பிடுவார். 2025 நவம்பர் 1 முதல் முழு நிரந்தரக் குறைபாட்டுக்குக் குறைந்தது 116,000 வெள்ளி, அதிகபட்சம் 346,000 வெள்ளி. சதவீதம் குறைந்தால் இரண்டும் அதே விகிதத்தில் குறையும். 10 சதவீதம் என்றால் 11,600க்கும் 34,600க்கும் இடையே. நோய் கண்டறிந்ததிலிருந்து ஓராண்டுக்குள் கோரிக்கை வைக்க வேண்டும். வேலையை விட்டுவிட்டாலும் கேட்கலாம், ஆனால் தள்ளிப்போடாதீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது: வேலையிட மாற்றம் கேட்டு மேற்பார்வையாளருக்கு எழுத்தில் ஒரு கடிதம் அல்லது மின்னஞ்சல். வாய்ப்பேச்சு நிற்காது.

---

சந்தா_சரிபார்ப்பு

கவிதா, முகவர் சொன்னதற்கு நேரடிப் பதில்: இந்த மாதிரிக் காதுக் கோளாறுக்கு அந்த ஒரு லட்சம் கிடைக்காது.

இங்கே விற்கும் கடும் நோய்த் திட்டங்களில் முற்றிய நிலைக்கான வரையறைகள் ஆயுள் காப்புறுதிச் சங்கம் வகுத்த பொது வரையறைகள். மொத்தம் 37 நோய்கள், எல்லா நிறுவனத்துக்கும் ஒரே வாசகம். "செவிட்டுத்தன்மை" என்ற வரியைப் படியுங்கள்: இரண்டு காதிலும், எல்லா அலைவரிசைகளிலும், குறைந்தது 80 டெசிபல் இழப்பு. அதோடு, சிகிச்சை, கேட்கும் கருவி, அறுவை எதனாலும் 40 டெசிபல் அளவுக்கு மீட்க முடியாது என்று காது, மூக்கு, தொண்டை நிபுணர் சான்று தர வேண்டும். இரைச்சல் முதலில் தின்பது உயர் அலைவரிசையை. 500ல் 15 டெசிபலில் இருக்கும் காது எத்தனை ஆண்டு கிரைண்டர் பிடித்தாலும் "எல்லா அலைவரிசையிலும் 80" என்ற இடத்துக்குப் போவது மிக அரிது. போனாலும் கருவி வைத்துக் கேட்க முடிந்தால் பணம் இல்லை. ஆரம்ப நிலைக்கும் பணம் தரும் திட்டங்களில் வரம்பு தளர்வாக இருக்கும், பலவற்றில் 60 டெசிபல். அதுவும் எல்லா அலைவரிசையிலும்தான். உங்கள் கணவரின் தாளை அந்த வரியோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள், முகவர் முன்னாலேயே.

தனிநபர் விபத்துக் காப்புறுதியிலும் இதே சிக்கல், வேறு காரணத்தால். அதன் பட்டியலில் "இரு காதும் கேளாமை" என்று ஒரு தொகை இருக்கும், ஆனால் விபத்தால் வந்திருக்க வேண்டும். வெடிப்பில் காது போனால் கேட்கலாம். ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லத் தேய்ந்தது விபத்து ஆகாது. நீண்டகாலப் பராமரிப்புக்கான கேர்ஷீல்டு லைஃப் காப்புறுதியும் உதவாது: குளிப்பது, உடுத்துவது, உண்பது முதலான ஆறு அன்றாடச் செயல்களில் மூன்றைத் தானாகச் செய்ய முடியாதவருக்குத்தான் அது.

அப்படியானால் கடும் நோய்த் திட்டமே வேண்டாமா? வேண்டும் என்பேன், ஆனால் காதுக்காக அல்ல. நீண்டகால இரைச்சலால் உயிருக்கும் பணத்துக்கும் பெரிய ஆபத்து வருவது இதயம், மூளை வழியாக. மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் பணம் தரும்போது நிறுவனம் "இரைச்சலால் வந்ததா" என்று கேட்காது. வரையறை பொருந்தினால் போதும். பக்கவாதம் என்றால் நரம்புப் பாதிப்பு நிலையாக இருப்பதற்கு, நிகழ்ந்து ஆறு வாரத்துக்குப் பிறகு ஆதாரம் காட்ட வேண்டும். கம்பெனி இழப்பீட்டில் காரணத்தை நிரூபிப்பதுதான் முழு வேலையும். இங்கே காரணம் யாருக்கும் வேண்டாம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சோதனை முடிவை எழுத வேண்டுமா என்றால், கட்டாயம் எழுத வேண்டும். காதில் இரைச்சல், செவித்திறன் சோதனை, ஏறிய ரத்த அழுத்தம் மூன்றையும். விண்ணப்பத்தின் மேலேயே எச்சரிக்கை இருக்கும்: தெரிந்ததை முழுமையாகவும் உண்மையாகவும் சொல்லாவிட்டால் ஒன்றும் கிடைக்காமல் போகலாம் என்று. "மாத்திரை தொடங்கலையே, விடுங்க" என்று முகவர் சொன்னால் கேட்காதீர்கள். கோரிக்கை வரும் நாளில் நிறுவனம் மருந்தகப் பதிவை வரவழைக்கும், முகவர் சொன்னதைப் பார்க்காது. நிறுவனம் "காது தொடர்பானது விலக்கு" என்று நிபந்தனை போட்டால் ஏற்றுக்கொள்ளலாம், மேலே சொன்னபடி அங்கே இழக்க ஒன்றுமில்லை. ரத்த அழுத்தத்துக்காகச் சந்தாவைக் கூட்டினாலும் கணக்குப் பார்த்து எடுக்கலாம். இதயம், பக்கவாதம் விலக்கு என்றால் கையெழுத்துப் போடாதீர்கள், வாங்குவதன் நோக்கமே அதுதானே. திட்ட ஆவணம் கைக்கு வந்தபின் 14 நாள் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு. மாரடைப்பு போன்ற சிலவற்றுக்கு முதல் 90 நாள் காத்திருப்பு உண்டு.

மருத்துவமனைச் செலவுக்கு மெடிஷீல்டு லைஃப் என்ற அடிப்படைக் காப்புறுதி இருக்கிறது, குடிமகன், நிரந்தரவாசி எல்லாருக்கும், முன்பே இருந்த நோய்க்கும் சேர்த்து. அதன் மேல் தனியார் நிறுவனம் தரும் ஒருங்கிணைந்த ஷீல்டு திட்டம் அவர் ஏற்கெனவே வைத்திருந்தால் அதை விடாதீர்கள். வேறு நிறுவனத்துக்கு மாறினால் உடல்நிலையைப் புதிதாக ஆராய்வார்கள். இன்றைய ரத்த அழுத்தமும் காதும் அங்கே விலக்காகிவிடும். மாறச் சொல்லும் முகவரிடம் இதை முதலில் கேளுங்கள்.

கேட்கும் கருவி பொதுவாக இந்த எந்தத் திட்டத்திலும் வராது. அது கைக்காசு, அல்லது மானியம். 60 வயதுக்கு மேல் மூத்தோருக்கான நிதி ஒன்று உண்டு. அதற்குக் கீழே என்றால், உடற்குறையுள்ளோருக்கு உதவும் எஸ்ஜி எனேபள் அமைப்பின் துணைத் தொழில்நுட்ப நிதி, தகுதி இருந்தால் செலவில் 90 சதவீதம் வரை. வாழ்நாள் வரம்பு 40,000 வெள்ளி. பேசுவதைக் கேட்க முடியாமல் திணறும் நிலை வருமுன் நிபுணரைப் பாருங்கள். காது மந்தமானவர் வேலையிடத்தில் எச்சரிக்கைச் சத்தத்தையும் தவறவிடுவார்.

---

கவிதா_ஜூரோங்

ரொம்ப நன்றி. முகவரிடம் 80 டெசிபல் வரியைக் காட்டச் சொன்னேன், "அப்புறம் அனுப்புறேன்" என்கிறார். சந்தா அண்ணன் சொன்னபடி இதயம், பக்கவாதத்துக்காக மட்டும் பார்க்கிறேன்.

ரத்த அழுத்தம் வீட்டுச் சாலை இரைச்சலால் ஏறியிருக்குமா? அதை எப்படித் தெரிந்துகொள்வது?

---

தாதி_மீனா

ஒரு ஆளைப் பார்த்து "இது இரைச்சலால் ஏறியது" என்று யாராலும் சொல்ல முடியாதும்மா. உப்பு, எடை, குடும்ப வழி, தூக்கம் எல்லாம் கலந்தது. ஆனால் கூட்டமாக எடுத்துப் பார்த்தால் தொடர்பு தெளிவு. உலகச் சுகாதார நிறுவனம் 2018ல் ஐரோப்பாவுக்கு வெளியிட்ட வழிகாட்டியில், சாலை இரைச்சல் நாள் முழுவதற்கும் எடையிட்ட சராசரியில் 53 டெசிபலுக்கும் இரவில் 45க்கும் கீழே இருக்க வேண்டும் என்கிறது. 53க்கு மேல் ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் இதயத்துக்கு ரத்தம் குறையும் நோய் ஏறக்குறைய 8 சதவீதம் கூடுகிறது. விழித்துக்கொள்ளாமலே உடல் எதிர்வினை காட்டுவதுதான் இதில் தொல்லை. லாரி ஒன்று போகும்போது தூங்குபவரின் நாடித் துடிப்பு ஏறும், அட்ரினலின் சுரக்கும், காலையில் அவருக்கு ஒன்றும் நினைவிருக்காது. "பழகிப்போச்சு" என்பது காதுக்குத்தான், இதயத்துக்கு இல்லை.

செய்ய வேண்டியது: மேல்கைப் பட்டை உள்ள கருவி ஒன்று வாங்கி ஏழு நாள் அளந்து எழுதுங்கள். காலையில் காப்பிக்கு முன் இரண்டு முறை, இரவு படுக்குமுன் இரண்டு முறை. ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து, கால் தரையில் வைத்து உட்கார்ந்தபின். முதல் நாளை விட்டுவிட்டுச் சராசரி எடுங்கள். வீட்டில் 135/85ஐத் தொட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். மருந்தகத்தில் ஒரு தடவை ஏறியிருந்ததைவிட இந்தத் தாள் அவருக்கு ஆயிரம் மடங்கு பயன், காப்புறுதி ஆய்வுக்கும் பயன்.

உயர் ரத்த அழுத்தம் என்று உறுதியானால் வெளிநோயாளிச் சிகிச்சைக்கு மெடிசேவ் (மத்திய சேம நிதியில் உள்ள மருத்துவச் சேமிப்பு) பயன்படுத்தலாம், ஆண்டுக்கு 500 வெள்ளி. சிக்கலான நிலை என்றால் 700. குடும்ப மருத்துவரை ஒருவரையே வைத்துக்கொள்ளுங்கள், பதிவு ஒரே இடத்தில் இருக்கும்.

படுக்கையறை சாலைப் பக்கமா? பின்பக்க அறை இருந்தால் அதற்கு மாறுவதுதான் முதல் மருந்து, செலவும் இல்லை.

---

புளோக்_வாசி

வீட்டு இரைச்சலுக்கு நான். காப்புறுதி இல்லை, முடிவாகவே இல்லை. வீவக தீக் காப்புறுதி கட்டடத்துக்கு, வீட்டுப் பொருள் காப்புறுதி தீ, தண்ணீர், திருட்டுக்கு. இரைச்சலால் தூக்கம் கெட்டது, வாடகைக்கு ஆள் வரவில்லை என்பதெல்லாம் எந்தத் திட்டத்திலும் வராது. ஆகவே இழப்பைக் குறைக்க முடிந்த இடத்தில் குறைக்க வேண்டும்.

சாலைக்கு ஜன்னல்தான் வழி. பாதி திறந்த ஜன்னல் 10 முதல் 15 டெசிபல்தான் தடுக்கும். மூடினால் நன்றாகக் குறையும், ஆனால் கண்ணாடியைவிட இடுக்குதான் குற்றவாளி. சறுக்கு ஜன்னலின் தடத்தில் விரல் வைத்துப் பாருங்கள்: காற்று வந்தால் சத்தமும் வரும். ரப்பர் அடைப்பைப் புதுப்பித்த பிறகே ஒட்டுக் கண்ணாடிக்கு (லேமினேட்டட் கண்ணாடி) காசு போடுங்கள். மாற்றுவது என்றால் கட்டட, கட்டுமான ஆணையத்தின் பட்டியலில் உள்ள ஜன்னல் குத்தகையாளர். மூடிய ஜன்னலுக்குக் குளிர்சாதனம் வேண்டும், அந்தச் செலவையும் சேர்த்துப் பாருங்கள்: மணிக்கு 0.6 யூனிட் இழுக்கும் கருவி இரவு 8 மணி நேரம், மாதம் 144 யூனிட். யூனிட் 30 காசு என்று வைத்தால் மாதம் 43 வெள்ளி.

கட்டுமானத் தளத்துக்குச் சட்டம் இருக்கிறது. குடியிருப்பிலிருந்து 150 மீட்டருக்குள் இருக்கும் தளத்துக்குக் காலை 7 முதல் மாலை 7 வரை வரம்பு: 12 மணி நேரச் சராசரி 75 டெசிபல், 5 நிமிடச் சராசரி 90. இரவில் வரம்பு இன்னும் கீழே. சனி இரவு 10 மணியிலிருந்து திங்கள் காலை 7 வரை வேலை கூடாது, பொது விடுமுறைக்கும் அப்படியே. சத்தமில்லாத சில வேலைகளுக்கு மட்டும் விதிவிலக்கு. புகார் தேசிய சுற்றுப்புற வாரியத்துக்கு. "ரொம்பச் சத்தம்" என்று எழுதினால் ஒன்றும் நடக்காது. தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எந்த இயந்திரம், எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். கைத்தொலைபேசிச் செயலியின் அளவு ஆதாரம் ஆகாது, ஆனால் எந்த நேரத்தில் அதிகாரி வந்து அளக்க வேண்டும் என்பதற்கு அது போதும்.

மேல்வீட்டு உடைப்பு வேலை வேறு கணக்கு. அது வீவக: இடிப்பது, ஓடு பெயர்ப்பது போன்ற பெருஞ்சத்த வேலை வாரநாளில் 9 முதல் 5 வரை மட்டுமே, சனிக்கிழமை கூடாது. அண்டைவீட்டார் தொல்லை என்றால் முதலில் சமரசம், பிறகு சமூகப் பூசல் தீர்வு நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை கேட்கலாம். அங்கே "அண்டைவீட்டார்" என்றால் அதே கட்டடம் அல்லது 100 மீட்டருக்குள் வசிப்பவர். 100 மீட்டருக்குள் இருந்தாலும் கட்டுமான நிறுவனம் அங்கே வசிப்பவர் இல்லை, சாலையும் இல்லை. அதை அங்கே கொண்டுபோனால் கட்டணம் வீண்.

---

டார்மிட்டரி_செல்வம்

இடையில் ஒரு கேள்வி. வேலை அனுமதியில் இருக்கும் எங்களுக்கும் காது இழப்பீடு உண்டா அண்ணே?

---

பட்டறைப்_பாதுகாப்பு

உண்டு தம்பி, அதே சட்டம், அதே தொகை. உடலுழைப்பு வேலை என்றால் வேலை அனுமதி, எஸ் பாஸ் (நடுத்தரத் திறன் வெளிநாட்டு ஊழியருக்கான அட்டை), குடிமகன் என்ற பேதம் இல்லை. அதற்கு அப்பால் வேலை அனுமதி, எஸ் பாஸ் ஊழியருக்கு முதலாளி ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி மருத்துவக் காப்புறுதியும் எடுக்க வேண்டும். அது மருத்துவமனையில் தங்குவதற்கும் ஒருநாள் அறுவைக்கும். காதுச் சோதனையின் நகலைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து ஊரில் ஒருவருக்கும் அனுப்பி வை. கம்பெனி மாறும்போது பழைய தாள் கிடைப்பது கஷ்டம்.

கவிதா, ஒன்று விட்டுப்போனது. முதலாளி எதிர்த்தால் பொதுச் சட்டப்படி வழக்குப் போடவும் வழி உண்டு. ஆனால் இழப்பீட்டுச் சட்டம், வழக்கு இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். வழக்கில் முதலாளியின் தவற்றை நீங்கள் நிரூபிக்க வேண்டும். அந்த இடமாற்ற மின்னஞ்சலும் ஆண்டுவாரித் தாள்களும் இருந்தால் இரண்டு வழிக்கும் உதவும்.